அரை மில்லிமீட்டர் கோடும் 25 மீட்டர் நிலமும்

இலவச வரைபடத் தரவு எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் ஒரு நீளமான பட்டியலை அப்படியே அனுப்பிவிடுவேன். இப்போது அனுப்புவதில்லை. "எதற்கு?" என்று கேட்கிறேன், பதில் வந்ததும் "எவ்வளவு பெரிய நிலம்?" என்று கேட்கிறேன். கேட்டவருக்கு எரிச்சல் வருவது தெரிகிறது, இருந்தாலும் அந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் பட்டியலைக் கொடுத்து நான் செய்த உபகாரத்தை விட உபத்திரவம்தான் அதிகம்.

தரவுக்கு நிஜமாகவே பஞ்சம் இருந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972-இலிருந்து பூமியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றன, ஆனால் 2008 வரை அந்தப் படங்கள் விற்பனைக்குத்தான். கடைசி வருடங்களில் ஒரே ஒரு படம் 600 டாலர் வரை. ஒரு நிலத்தின் 20 வருட மாற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒன்று என்று வாங்கினாலும் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2008-இல் எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2015-இல் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் வந்தது, 2017-இல் அதன் ஜோடியும் சேர்ந்தது, அதன்பிறகு பூமியின் பெரும்பாலான நிலத்துக்கு 5 நாளைக்கு ஒரு தடவை 10 மீட்டர் நுணுக்கத்தில் (படத்தின் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டர்) புதுப் படம் வந்துகொண்டே இருக்கிறது. வரைபடம் போடும் மென்பொருளுக்கு கியூஜிஐஎஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆக, வீட்டில் உட்கார்ந்து ஒரு சாதாரண மடிக்கணினியில் நிலப்பயன்பாட்டு வரைபடம் போடுவதற்குத் தடையென்று இன்று பெரிதாக ஒன்றுமில்லை.

சிக்கலே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். குடியிருப்பை ஒட்டி 2 ஹெக்டேர் தாழ்நிலம். வருடத்தில் சில மாதம் தண்ணீர் நிற்கும், மீதி மாதம் கோரையும் புல்லுமாகக் கிடக்கும். அதன் ஓரத்தில் கட்டடம் கட்டலாமா, கரையிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று உள்ளூரில் ஒரு பேச்சு. யாரோ ஒருவர் பொதுத்தளத்திலிருந்து ஈரநில எல்லையை இறக்கி, துல்லியமான செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டு, கூட்டத்தில் காட்டுகிறார். திரையில் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். கோடு ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் விழுகிறது. "பார், வேலிக்கு வெளியேதான் ஈரநிலம்" என்று ஒரு தரப்பு, "இல்லை, இங்கே வளைந்து உள்ளே வருகிறது" என்று இன்னொரு தரப்பு. பத்து மீட்டருக்கு ஒரு மணி நேரம் சண்டை.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது ஒரு பழைய காகித வரைபடத்திலிருந்து நகலெடுத்த கோடாக இருக்கும். அளவை 1:50,000 என்று வைத்துக்கொண்டால் காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அதை வரைந்த பேனாவின் கோடே அரை மில்லிமீட்டர் பருமன் இருக்குமே! அதாவது கோட்டின் தடிமன் மட்டுமே 25 மீட்டர் நிலம். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை போடுகிற அந்த வேலி, கோட்டுக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. காகிதத்தில் பார்த்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது, ஏனென்றால் பூதக்கண்ணாடி வைத்தாலும் தடிமனான மைதான் தெரியும். கணினி அந்தக் கோட்டுக்குத் தடிமனே இல்லாமல் செய்துவிட்டது, எவ்வளவு பெரிதாக்கினாலும் மயிரிழையாகவே நிற்கிறது, அதைப் பார்க்கிறவர்களுக்கு அது சர்வேயர் கல் நட்ட எல்லை மாதிரி தோன்றுகிறது. கரையிலிருந்து 30 மீட்டர் விட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது என்றால், அந்த 30-இல் 25-ஐ பேனாவே விழுங்கிவிட்டது.

இதை விளக்கினால் உடனே வருகிற பதில்: "சரி, காகிதம் வேண்டாம், செயற்கைக்கோளே போதும்." அதையும் பார்ப்போம். லேண்ட்சாட் படத்தின் ஒரு பிக்சல், அதாவது மிகச் சின்னக் கட்டம், 30 மீட்டருக்கு 30 மீட்டர், 900 சதுர மீட்டர். நம் 2 ஹெக்டேர் தாழ்நிலத்துக்கு அதில் சுமார் 22 பிக்சல்தான் கிடைக்கும். ஏறக்குறைய ஐந்துக்கு ஐந்து கட்டம். அந்தக் கட்டத்தில் ஓரத்தில் இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், 25-இல் 16. ஓரப் பிக்சல் ஒவ்வொன்றிலும் பாதி தண்ணீர், பாதி கரை, கொஞ்சம் புல், ஒரு மரத்தின் நிழல் என்று எல்லாம் கலந்து ஒரே நிறமாகத் தெரியும். நாம் தேடுவதோ கரையை, அதாவது மிகக் குழம்பிய பிக்சல்களைத்தான். சென்டினலில் நிலைமை பரவாயில்லை, 200 பிக்சல் கிடைக்கும். அதுவும் 5 மீட்டர் அகலமுள்ள வாய்க்காலைக் காட்டும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

அப்படியானால் இதெல்லாம் குப்பையா? இல்லவே இல்லை, நான் தினமும் புழங்குவதே இவற்றைத்தான். இந்தத் தாழ்நிலத்தில் பத்து, இருபது வருடத்துக்கு முன் தண்ணீர் நின்றதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் லேண்ட்சாட் படங்களை 1984-இலிருந்து தொகுத்து, உலகத்தில் ஒவ்வொரு 30 மீட்டர் கட்டத்திலும் பார்த்த தடவைகளில் எத்தனை சதவீதம் தண்ணீர் இருந்தது என்று ஒரு வரைபடம் போட்டிருக்கிறது, 2016-இல் வெளிவந்தது. "இங்கே தண்ணீரே நின்றதில்லை" என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது, அதே இடத்தில் 30 சதவீதம் தடவை தண்ணீர் பதிவாகியிருக்கிறது என்று திரையில் காட்ட முடிவது சாதாரண விஷயமில்லை. அந்த ஒரு லேயருக்காகவே (மற்ற வரைபடத்தின் மேல் விரித்துப் பார்க்கிற அடுக்கு) நான் அவர்களுக்குக் கோவில் கட்டுவேன்.

ஆனால் அதே லேயரை எதிர்த்தரப்பும் எடுக்கும். "பூஜ்யம் சதவீதம் என்று காட்டுகிறதே, அப்போது இது ஈரநிலம் இல்லை" என்பார்கள். இங்கேதான் அந்தப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டவை என்று தெரிந்திருக்க வேண்டும். தாழ்நிலத்தில் தண்ணீர் நிற்பது மழைக்காலத்தில். மழைக்காலத்தில் வானத்தில் மேகம். லேண்ட்சாட் ஒன்று அதே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் ஆகும், வருகிற அன்று மேகம் மூடியிருந்தால் அந்த முறை போச்சு. தண்ணீர் இருக்கிற நாட்களில்தான் கண் மூடியிருக்கிறது, மேகம் விலகும்போது தண்ணீர் வற்றியிருக்கிறது. அப்புறம் தண்ணீர் முழுக்கக் கோரையோ தாமரையோ மூடியிருந்தால் மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது பசுமைதான், தண்ணீர் இல்லை. பூஜ்யம் என்பதற்கு "தண்ணீர் இல்லை" என்றும் பொருள் இருக்கலாம், "தண்ணீரைப் பார்க்க முடியவில்லை" என்றும் பொருள் இருக்கலாம். மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற ரேடார் படங்கள் சென்டினல்-1 வழியாக 2014-இலிருந்து இலவசமாகவே கிடைக்கின்றன. கையாளக் கொஞ்சம் முரடு, ஆனால் இப்படிப்பட்ட இடத்துக்கு நான் முதலில் அதைத்தான் திறப்பேன்.

என்னை ரொம்பவும் உறுத்துவது நிலப்போர்வை வரைபடங்கள். எந்தக் கட்டம் காடு, எது வயல், எது கட்டடம் என்று உலகம் முழுக்க நிறம் தீட்டிக் கொடுக்கிறவை. ஐரோப்பிய விண்வெளி முகமை வெளியிட்ட வேர்ல்ட்கவர் 10 மீட்டர் நுணுக்கம், 11 வகைகள், பார்க்கவே அழகாக இருக்கும். 2021-ஆம் வருடத்துக்கான பதிப்பின் மொத்தத் துல்லியம் சுமார் 76.7 சதவீதம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதாவது உலகச் சராசரியில் நான்கில் ஒன்று தப்பு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள், பூமி முழுவதையும் 10 மீட்டர் கட்டங்களாக வகை பிரிப்பது சாதாரண வேலையும் அல்ல. எதில் தப்பு வருகிறது என்பதுதான் முக்கியம். பெரிய ஏரியையோ அடர்ந்த காட்டையோ இவை அநேகமாகத் தவறவிடுவதில்லை. புதர், புல்வெளி, செடிகொடி மண்டிய சதுப்பு, இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று குழம்பும். பாதுகாக்க ஆளில்லாமல் கிடப்பவையும் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

அதுவாவது குழப்பம் என்று விட்டுவிடலாம். வகையின் பெயரிலேயே இருக்கிற ஆபத்து அதைவிட மோசம். வரைபடத்தில் பச்சை என்றால் காடு, நல்லது. வெளிர் மஞ்சள் என்றால் புல், அதாவது "காலி". காலி நிலம் என்றால் அங்கே எதையாவது வைக்கலாம், சூரியத் தகடு, கிடங்கு, இல்லாவிட்டால் மரமாவது நடலாம். 2019-இல் உலகத்தில் எங்கெல்லாம் மரம் வளர்க்க இடமிருக்கிறது என்று கணக்கிட்ட ஓர் ஆய்வு வந்தபோது, மரங்கள் சிதறி நிற்கிற பழமையான சவன்னாக்களையும் புல்வெளிகளையும் அதில் சேர்த்துவிட்டார்கள் என்று சூழலியலாளர்கள் பலர் மறுப்பு எழுதினார்கள். உலகளவிலேயே அப்படியென்றால், ஒரு சின்ன ஊரின் திட்ட வரைபடத்தில் அந்த வெளிர் மஞ்சளுக்காகப் பேச யார் வரப்போகிறார்கள்?

பச்சையையும் அப்படியே நம்ப வேண்டாம். மேரிலண்ட் பல்கலைக்கழகக் குழு 2013-இல் வெளியிட்டு இன்றும் வருடாவருடம் புதுப்பிக்கிற மர இழப்பு வரைபடத்தில் மரம் என்றால் 5 மீட்டருக்கு மேல் உயரமான எந்தத் தாவரமும். இயற்கைக் காடும் மரம், தைலமரத் தோப்பும் மரம். தோப்பை அறுவடை செய்தால் "இழப்பு" என்று சிவப்பாகத் தெரியும், காட்டை அழித்து அங்கே தோப்பு போட்டுப் பத்து வருடம் ஆனால் மறுபடி மரப்போர்வையாகத் தெரியும். விளக்கக் குறிப்பில் இதெல்லாம் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் படத்தைப் பகிர்கிறவர்கள் குறிப்பைப் பகிர்வதில்லையே.

உயரத் தரவைப் பற்றி ஒரு வார்த்தை. தாழ்நிலத்திலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்க்க எல்லோரும் முதலில் எடுப்பது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் 11 நாளில் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் என்கிற உயர வரைபடம். அற்புதமான வேலை, கால் நூற்றாண்டு கழித்தும் பயன்படுகிறது. மலைச்சரிவுக்கும் பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் நன்றாக வரும். ஆனால் அதற்கு வைத்த துல்லிய இலக்கே உயரத்தில் 16 மீட்டர், போதாததற்கு அடர்ந்த மரம் இருக்கிற இடத்தில் தரையை அல்ல, மரத்தலைகளுக்குப் பக்கத்தில் ஓர் உயரத்தை அளந்திருக்கும். சமவெளியில் அரை மீட்டர் சரிவை நம்பி ஓடுகிற வாய்க்காலுக்கு இதை வைத்துத் திட்டம் போட்டால், கணினி ஒரு தோப்பை மேடு என்று நினைத்துத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லும். அப்படிச் சுற்றிக்கொண்டு போன ஓடை ஒன்றை நானே வரைந்து, அழகாக நீல நிறம் தீட்டி, பெருமையாக அனுப்பியிருக்கிறேன்.

என் தவறுகளில் அது சின்னது. பெரியது பரப்பளவுக் கணக்கு. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு வீழல் என்று பெயர்; இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் வீழலில் இருக்கும், துருவத்தை நோக்கிப் போகப் போக நிலம் ஊதிக்கொண்டே போகும். நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வித்தியாசம் தெரியாது. 30 டிகிரி அட்சரேகையில் 100 ஹெக்டேர் 133 ஹெக்டேராகத் தெரியும், 45 டிகிரியில் 200, 60 டிகிரியில் 400. இது எனக்குத் தெரியும், பாடமாகவே படித்தேன், இருந்தும் ஒருநாள் அவசரத்தில் வீழலை மாற்றாமல் அப்படியே கணக்குப் போட்டு ஓர் அறிக்கையில் எழுதிவிட்டேன். அந்த நிலத்தில் தினமும் மாடு மேய்க்கிற ஒருவர், வாசிக்கக் கேட்டுவிட்டு, "அவ்வளவு கிடையாதுங்க" என்றார். அவரிடம் மென்பொருள் இல்லை, கால் இருந்தது. கணக்கைத் திரும்பப் போட்டேன், அவர் சொன்னதுதான் சரி.

உயிரினப் பதிவுகளில் வேறு மாதிரி பொறி இருக்கிறது. ஜிபிஐஎஃப் என்கிற உலகப் பல்லுயிர்த் தகவல் வலையில் எந்தப் பறவை, எந்தச் செடி, எங்கே, எப்போது பார்க்கப்பட்டது என்று நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகள் இருக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் புள்ளிகள் சாலையோரமாக வரிசை கட்டி நிற்கும். பறவைகளுக்குச் சாலை பிடிக்கும் என்பதால் அல்ல, பார்க்கிறவர்கள் வண்டியில் போகிறார்கள். நம் தாழ்நிலத்தில் ஒரு புள்ளியும் இல்லை என்றால் அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, அரிய இனங்களின் இடத்தை வேண்டுமென்றே மறைத்திருப்பார்கள். பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் புள்ளியை, 0.2 டிகிரி சதுரத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் போட்டுவிடுவார்கள். நில நடுக்கோட்டில் அது பக்கத்துக்குச் சுமார் 22 கிலோமீட்டர் உள்ள சதுரம். களவாணிகளிடமிருந்து காப்பாற்ற அது தேவை, நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் தரவை இறக்குகிறவர் புள்ளி எவ்வளவு துல்லியம் என்று சொல்கிற நெடுவரிசையைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் எடுத்தால், அரிய தவளை ஒரு வாகன நிறுத்துமிடத்தில் வாழ்வதாக வரைபடம் போடுவார். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மொத்த ஆவணத்தையும் கேலி செய்யும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் உலகத் தொகுப்பிலும் இப்படி ஒன்று உண்டு, சில இடங்களுக்கு எல்லையே தராமல் வெறும் புள்ளியும் பரப்பளவும் மட்டும் தந்திருப்பார்கள். அந்தப் பரப்புக்குச் சரியாக ஒரு வட்டத்தை வரைந்து வைப்பது ஆய்வாளர்களின் வழக்கம். கச்சிதமான வட்டமாக ஒரு சரணாலயம் தெரிந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவு புலம்பினாலும் தரவு வெளியிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஒரே ஒரு வகையினரைத் தவிர. திரையில் காட்டுவார்கள், இறக்க விடமாட்டார்கள். அல்லது வரைபடத்தைப் படமாக்கி ஒரு பிடிஎஃப்-க்குள் ஒட்டி "பொதுத்தரவு" என்று பெயர் வைப்பார்கள். பார்க்க மட்டும் முடிகிற வரைபடத்தின் மேல் இன்னொரு லேயரைப் போட முடியாது, அளக்க முடியாது, தப்பைக் கண்டுபிடித்தாலும் காட்ட முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சாப்பாடு. இதற்கு அடுத்தது ஷேப்ஃபைல் என்கிற வரைபடக் கோப்புத் தொகுப்பை அனுப்புகிறவர்கள், அது ஒரே கோப்பு என்று நினைத்துக்கொண்டு எஸ்எச்பி கோப்பை மட்டும் அனுப்புவார்கள், குறைந்தது மூன்று கோப்பு சேர்ந்தால்தான் திறக்கும், வீழலைச் சொல்லும் நான்காவதும் இல்லாவிட்டால் உங்கள் தாழ்நிலம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் மிதக்கும். பிழைதான், ஆனால் சிரிக்கலாம், ஒரு மின்னஞ்சலில் சரியாகிவிடும்.

சரி, அப்போது அந்த 2 ஹெக்டேருக்கு என்னதான் செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். பொதுத்தரவை வைத்து முதலில் கேள்விகளைத் தயார் செய்வேன்: எந்த மாதத்தில் போக வேண்டும், எந்தப் பக்கம் கரை குழப்பமாக இருக்கிறது, எங்கே பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் வித்தியாசம். அப்புறம் தண்ணீர் நிற்கிற மாதத்தில், அந்த இடத்தைத் தெரிந்த யாராவது முன்னே நடக்க, கையில் போனை வைத்துக்கொண்டு கரையைச் சுற்றி நடப்பது. 2000 மே மாதம் வரை ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள், பொதுமக்களின் கருவி 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். இன்று திறந்த வானத்தின் கீழ் சாதாரண போனே சுமார் 5 மீட்டருக்குள் காட்டிவிடுகிறது. அந்தப் பேனாக் கோட்டை விடச் செருப்பில் சேறு ஒட்ட நடந்த கோடு பல மடங்கு துல்லியம். வேண்டுமென்றால் அதை யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றலாம், அடுத்து வருகிறவருக்கு உதவும். கூடு கட்டும் இடம், அரிய செடி இருக்கிற மூலை, இவற்றை மட்டும் ஏற்றாதீர்கள்.

நடந்த கோடும் பழைய கோடும் ஒன்றாகப் பொருந்தினதாக எனக்கு ஞாபகமே இல்லை. முன்பு நடந்த கோட்டை மட்டும் வைத்துவிட்டுப் பழையதை அழித்துவிடுவேன். இப்போது இரண்டையும் வரைபடத்தில் விட்டுவிடுகிறேன், பழையதை அதன் நிஜமான தடிமனில், 25 மீட்டர் பட்டையாக, பக்கத்திலேயே எந்த வருடத்து வரைபடம், என்ன அளவை என்று எழுதி. புதியதன் பக்கத்தில் நடந்த தேதி. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்த பிறகு இதுவரை யாரும் வேலியைக் காட்டிப் பத்து மீட்டருக்குச் சண்டை போடவில்லை.